ஆறு சிலிண்டர் காரும் உன் அப்பாவின் கையெழுத்தும்

தம்பிக்கு அம்மா எழுதுவது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்று பக்கம் நீ வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஷோரூமைப் பற்றியும், அங்கே புதிதாக வந்து இறங்கியிருக்கும் ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றியும் எழுதியிருக்கிறாய். கடைசியில் நான்கு வரி உன் கல்யாணத்தைப் பற்றி. பெண்ணின் தாய்மாமா முத்தையாபுரத்துக்காரர், அவருக்கு அந்தக் கேஸ் தெரியும், அதனால் அப்பா கப்பலில் இருக்கிறார் என்று நீ சொல்லி வைத்திருக்கிறாயாம், அப்பா கல்யாணத்துக்குக் கோயிலுக்கு வர வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். நடுவில் இன்னொன்றும் இருந்தது. போன மாதம் உங்கள் ஒர்க்‌ஷாப்பில் பிரேக்கில் தவறான எண்ணெய் ஊற்றிய ஒருவனை வேலையை விட்டு அனுப்பினீர்களாம், அவன் முகத்தைப் பார்த்ததும் உனக்கு அப்பா ஞாபகம் வந்ததாம். அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். அந்த வரிக்குத்தான் இந்தப் பதில். இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. வேறு யார் படிக்கப் போகிறார்கள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்தக் காரைப் பற்றி நீ எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறாய். அந்தக் கம்பெனி முதலில் அனுப்பிய சின்னக் கார்களைப் பார்த்து அமெரிக்காக்காரர்கள் சிரித்தார்களாம். அங்கே விற்பனைக்குப் போயிருந்த ஜப்பான்காரர், சம்பளக்காரனும் வாங்கக்கூடிய ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்று வருடக்கணக்கில் கெஞ்சி வாங்கினாராம். கார் வந்து இறங்கியதும் அதன் மேலிருந்த பெயர் பிடிக்காமல் அந்தத் தகட்டைப் பிடுங்கிவிட்டு, வெறும் எண்ணும் எழுத்தும் உள்ள தகட்டை மாட்டினாராம். பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கக் கார் போதவில்லையாம். இது எதுவும் எனக்குப் புதிதில்லை. உன் ஷோரூமில் நிற்பதற்கு மூத்த மாடலை, அதாவது முதல் மாடலை, நான் வரிவரியாகப் படித்தவள். அதன் ஆறு சிலிண்டரும் எந்த வரிசையில் வெடிக்கும் என்று இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்: ஒன்று, ஐந்து, மூன்று, ஆறு, இரண்டு, நான்கு.

அப்போது நீ பாளையங்கோட்டை ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். இங்கே தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அது முடிகிற வரை கப்பல்கள் ஐந்தாறு மைல் தள்ளிக் கடலிலேயே நிற்கும், சரக்கைத் தோணியில் இறக்கிப் பழைய துறைமுகத்துக்குக் கொண்டுவருவார்கள். எங்கள் முதலாளிக்குத் தோணிகளும் அவற்றை இழுக்கும் லாஞ்சுகளும் இருந்தன. நான் அவர் ஆபீசில் டைப்பிஸ்ட். உன் அப்பா அவருடைய ஷெட்டில் லாஞ்சு எஞ்சின் பார்க்கும் பிட்டர். முதலாளியின் மகன் சிங்கப்பூரில் சில வருடம் இருந்துவிட்டுத் திரும்பியபோது, தான் ஓட்டிய காரையும் கையோடு கொண்டுவந்தான். ஆரஞ்சு நிறம், நீண்ட மூக்கு. அம்பாசிடரைத் தவிர வேறெதையும் அதிகம் பார்க்காத ஊர் அது. தார்ப்பாய் போர்த்தித் தோணியில் கொண்டுவந்தபோது காற்று எழும்பி அலை உள்ளே அடித்திருக்கிறது. கரையில் இறக்கியதும் கார் இரண்டு தடவை இருமிவிட்டு அணைந்துபோனது. மதுரையிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார், எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தார், இது நமக்குச் சரிப்படாது என்று அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார். பிறகுதான் உன் அப்பாவைக் கூப்பிட்டார்கள்.

உன் அப்பா எட்டாம் வகுப்பு. இளவயதில் சங்கு குளிக்கப் போய் இடது காது ஜவ்வு கிழிந்து கேட்காமல் போனவர். எஞ்சினுக்குள் என்ன சத்தம் என்று கேட்க, நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினில் வைத்துப் பிடியைத் தாடை எலும்பில் அழுத்திக்கொள்வார். அந்தக் காரோடு ஒரு ஒர்க்‌ஷாப் புத்தகம் வந்திருந்தது, முழுக்க ஆங்கிலம். அதைக் கையில் எடுத்துப் புரட்டிவிட்டு என்னிடம் நீட்டினார்.

“ஏளா, நீ வாசி. நான் பாத்துக்கிடுதேன்.”

இரண்டு மாதம், ஆபீஸ் விட்டதும் நேராக ஷெட்டுக்குப் போவேன். ஒரு ஆயில் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்து வாசிப்பேன். பாதி வார்த்தைகள் எனக்குத் தெரியாது. படத்தைக் காட்டி, அந்த வார்த்தையைப் பிரித்துப் பிரித்துச் சொல்வேன், அவர் பொருளைக் கையில் எடுத்துக் காட்டுவார், இரண்டு பேரும் சேர்ந்து அது என்னவென்று கண்டுபிடிப்போம். ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும், பிளாக் இரும்பு, தலைப்பகுதி அலுமினியம். வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாஃப்ட் தலைக்கு மேலேயே இருக்கிறது, சங்கிலி போட்டு ஓட்டுகிறார்கள், அம்பாசிடர் மாதிரி கீழேயிருந்து கம்பிகளை வைத்துத் தள்ளுகிற வேலை இல்லை. நான்கு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும், ஒன்று பள்ளத்தில் விழுந்தால் மற்றது சாயாது. சம்பளக்காரனும் வாங்குகிற விலைக்கு இதையெல்லாம் எப்படி அடக்கினான் என்று உன் அப்பா தலையைத் தலையை ஆட்டுவார். அவருக்கு அதிகம் பிடித்தது அந்த இரண்டு கார்புரேட்டர்கள். எஞ்சின் எவ்வளவு இழுக்கிறதோ அந்த அளவுக்கு உள்ளே ஒரு பிஸ்டன் எழும்பும், அதோடு ஊசியும் எழும்பிப் பெட்ரோலை விடும் என்று நான் வாசித்ததும் சிரித்துவிட்டார். “மூச்சு கேக்க கேக்கக் குடுக்குது. கடலுக்குள்ள நமக்கு இப்பிடி ஒண்ணு இல்லாமப் போச்சே” என்றார். ஒரு ரப்பர் குழாயை நல்ல காதில் வைத்து, மறுமுனையை ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கார்புரேட்டர் வாயிலும் பிடித்து, இரண்டின் சீறலும் ஒன்றாகிற வரை திருகிக்கொண்டேயிருந்தார். கார் ஓடியது. தண்ணீர் நிரம்பிய தம்ளரை எஞ்சின் மேல் வைத்தார், சிந்தவில்லை. எங்களுக்குக் கல்யாணம் ஆன இத்தனை வருடத்தில் நானும் உன் அப்பாவும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்தது அந்த இரண்டு மாதம்தான். நான் சொன்னால் அது புத்தகத்தில் இருக்கிறது என்று அவருக்கு அர்த்தம்.

இப்போது பிரேக் விஷயத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் என் வாயால் கேட்டுக்கொள். முன் சக்கரம் இரண்டுக்கும் டிஸ்க், பின்னால் டிரம். மிதிக்கிற அழுத்தத்தை எண்ணெய்தான் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது. ஒரு பக்கம் பழுதானாலும் மறுபக்கம் பிடிக்கட்டும் என்று மாஸ்டர் சிலிண்டரை இரண்டு அறையாகப் பிரித்திருக்கிறார்கள். ஆனால் இரண்டு அறையையும் அடைத்து நிற்பது ரப்பர், இரண்டுக்கும் போவது ஒரே எண்ணெய். அது பிரேக்குக்கென்றே செய்த எண்ணெயாக இருக்க வேண்டும், மற்ற மெஷின் எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப்போகும் என்று புத்தகத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தது. அதை நான் வாசித்தேன், அவர் கேட்டார். ஒரு புதன்கிழமை, பின்சக்கரத்தில் லேசாகக் கசிவதைப் பார்த்துப் பழைய எண்ணெயை வடித்துவிட்டார். புது எண்ணெய் தூத்துக்குடியில் கிடைக்கவில்லை. மதராஸிலிருந்து லாரியில் வரச் சொல்லிவிட்டு, சனிக்கிழமை வரை காரை எடுக்கக் கூடாது என்று சின்ன முதலாளியிடம் நேரில் போய்ச் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். அவனும் சரி என்று தலையை ஆட்டினான்.

வியாழக்கிழமை மத்தியானம் உன் அப்பா சாப்பிட வந்த நேரத்தில் அவன் ஷெட்டுக்கு வந்திருக்கிறான். ஹைட்ராலிக் பிரேக் என்றால் ஹைட்ராலிக் ஆயில்தானே என்று, அங்கே சரக்கு தூக்கும் விஞ்ச் மெஷினுக்கு வைத்திருந்த டின்னிலிருந்து தானே ஊற்றி, காற்றை வெளியேற்றி, காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். உன் அப்பா திரும்பி வந்து திறந்து கிடந்த டின்னைப் பார்த்ததும் பின்னாலேயே பங்களாவுக்கு ஓடினார். “பாரும் பிட்டரே, நல்லாத்தான பிடிக்கி. நீரு சும்மா பயம் காட்டுதீரு” என்று அவர் எதிரிலேயே மிதித்துக் காட்டினான். சனிக்கிழமை மதராஸ் எண்ணெய் வந்ததும் அந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பவும் போனார். ஞாயிறு கழித்து வாரும் என்று வாசல் கேட்டோடு திருப்பி அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நண்பர்களோடு திருச்செந்தூர் போய்விட்டு வந்தவன் முத்தையாபுரத்தில் வேகத்தைக் குறைக்க மிதித்தபோது பெடல் தரையில் போய் ஒட்டிக்கொண்டது. உப்பளத்தில் வேலை முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்த சுடலைமுத்து என்பவர் அங்கேயே செத்துப்போனார். முப்பத்தைந்து வயது. மனைவியும் ஒரு மகளும்.

மறுநாள் போலீஸ் சொல்லி உன் அப்பாதான் அந்த மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினார். உள்ளே இருந்த ரப்பர் வளையங்கள் ஊறிய கடலை மாதிரி உப்பிப்போய் இருந்தன. முகர்ந்து பார்த்தார். விஞ்ச் எண்ணெய் நாற்றம். போலீஸ்காரரிடமும் அதையே சொன்னார். அன்று மத்தியானம் முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பக்கத்தில் வக்கீல் இருந்தார்.

“இங்க பாரும்மா, எம் மகனுக்கு இருபத்தாறு வயசு. அவன் உள்ள போனா இந்தக் கம்பெனி போச்சு. கம்பெனி போனா நீயும் இல்ல, உம் புருசனும் இல்ல” என்றார். பிறகு குரலை மாற்றிக்கொண்டார். “ஒரு காயிதம் அடிச்சித் தா. எண்ணெய நாந்தான் மாத்துனேன், தெரியாம மாத்திட்டேன்னு பிட்டர் சொல்லுத மாதிரி. தெரியாமச் செஞ்சதுக்கு அபராதத்தோட போயிரும், வக்கீலய்யா சொல்லுதாரு. உம் மகன் என்ன படிக்கான்? எஞ்சினியரிங் காலேஜ் கமிட்டில நம்ம சம்பந்தி இருக்காரு. சீட்டு எம் பொறுப்பு.”

நான் அழுதேன் என்றோ, மறுத்தேன் என்றோ எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி எதுவும் நடக்கவில்லை. உன் மார்க்கு எனக்குத் தெரியும். அந்த மார்க்குக்கு எந்தக் காலேஜும் உன்னைச் சேர்க்காது. அபராதத்தோடு போய்விடும் என்ற வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சீட்டில் போய் உட்கார்ந்து தாளைச் சுருட்டி மெஷினில் ஏற்றினேன். ஒரு பக்கம், ஆங்கிலத்தில், பிழையில்லாமல் அடித்தேன்.

ஷெட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“என்னளா எழுதியிருக்கு?”

“கார் எப்ப நம்மகிட்ட வந்துச்சு, என்னென்ன வேல பாத்தீங்க, எடுக்கக் கூடாதுன்னு சொன்னது, எல்லாம் இருக்கு” என்றேன்.

“விஞ்ச் எண்ணெ விசயம்?”

“அதும் இருக்கு.”

எந்த இடத்தில் போட வேண்டும் என்று மட்டும் கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன். தமிழில் கையெழுத்துப் போட்டார்.

எட்டு மாதம் கழித்துக் கோர்ட்டில் கேஸ் வந்தது. நீ அப்போது காலேஜில் சேர்ந்திருந்தாய். பெஞ்சு கிளார்க் அந்தத் தாளை எடுத்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்தார். உன் அப்பா கூண்டில் நின்று அதை முதல் தடவையாகக் கேட்டார். ‘கையில் கிடைத்த எண்ணெயை நானே ஊற்றினேன்’ என்ற வரி வந்ததும் திரும்பி என்னைப் பார்த்தார். ஜட்ஜ், இது உம்முடைய கையெழுத்துதானா என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, என் பொண்டாட்டி வாசிச்சுச் சொன்னா, அவ சொன்னது வேற என்று சொல்லியிருக்கலாம். அங்கேயே என்னைப் பிடித்திருப்பார்கள். உன் அப்பா என்னைவிட்டு ஜட்ஜ் பக்கம் திரும்பினார். பிறகு, “கையெழுத்து என்னதுதான்யா” என்றார். சின்ன முதலாளியை விட்டுவிட்டார்கள். இவருக்கு ஆறு மாதம். வக்கீல் என் பக்கமே திரும்பாமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வராந்தாவில் கான்ஸ்டபிள் ஒரு நிமிடம் நிற்க விட்டார். நான் பக்கத்தில் போனேன். கையை ஓங்கினால் கூடத் தாங்கியிருப்பேன். “பயலுக்குப் பரீட்ச முடியட்டும், அதுவரைக்கும் சொல்லாத” என்று சொல்லிவிட்டு நடந்தார். நான் உனக்கு முதலாளி சொன்ன கதையைத்தான் எழுதினேன், அப்பா அறியாமல் தப்புப் பண்ணிவிட்டார் என்று. நீ ஜெயிலுக்குப் போய் அவரை ஒரு தடவையும் பார்க்கவில்லை.

வெளியே வந்த பிறகு அவர் என்னைத் திட்டவில்லை. ஆனால் எதையும் வாசிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்ததும் இல்லை. ஆங்கிலத்தில் ஒரு நோட்டீஸ் வந்தால் தெருமுனைத் தையல்காரரிடம் கொண்டுபோவார். காய்ச்சலுக்கு வாங்கிய மருந்தைக்கூட மருந்துக்கடையிலேயே நின்று, எத்தனை வேளை என்று கேட்டுக்கொண்டுதான் வருவார். அப்போது நான் அடுப்படியில்தான் இருப்பேன். ஆறு வருடமாக இப்படி. கார் ஷெட் எதிலும் யாரும் அவரைச் சேர்க்கவில்லை. ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் பார்க்கிறார். உன்னிடம் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று ஒரு தடவை கேட்டேன். “வேண்டாம்ளா. இப்ப அவன் ஒருத்தரத்தான் வெறுக்கான். ரெண்டு பேரையும் வெறுத்தாம்னா அவனுக்கு வீடுன்னு ஒண்ணு இருக்காது” என்றார். அவர் உன்னை நினைத்துச் சொன்னார். நான் என்னை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது, தம்பி. உன் கடிதங்கள் எல்லாம் ‘அன்புள்ள அம்மாவுக்கு’ என்றே வந்தன.

போன செவ்வாய்க்கிழமை உன் கடிதத்தைப் படித்த பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. பஸ் ஏறி முத்தையாபுரம் போனேன். சுடலைமுத்துவின் மனைவி பேச்சியம்மாள் உப்பளத்திலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். உப்பில் வெடித்த பாதம். நான் யார் என்று சொல்லி, நடந்தது முழுவதையும் சொன்னேன். முடித்த பிறகு கேட்டாள்.

“உம் புருசன் ஜெயில்லருந்து வந்த மறுநா இங்கன வந்தாரு. தெரியுமா?”

தெரியாது என்றேன்.

“கும்பிட்டுட்டு வாசல்ல நின்னாரு. நாஞ் சாணியக் கரைச்சு மூஞ்சில ஊத்துனேன். தொடைக்காமக் கூட நின்னாரு. நான் செய்யலன்னு ஒரு வார்த்த சொல்லல. ஏம்மா, செய்யாதவரு தலையிலயா நாஞ் சாணி ஊத்துனேன்?”

அன்று அவர் நனைந்து வீட்டுக்கு வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. சாக்கடையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றார், நானும் துவைத்துப் போட்டேன். பேச்சியம்மாளிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். “அந்தக் காயிதம் கோர்ட்டுல ஊர் முன்னால வாசிச்சது. நீ எங்கிட்ட மட்டும் வந்து காதுல சொல்லிட்டுப் போறியாக்கும்? எழுதிக் குடு. எம் மவ வாசிப்பா. கேக்கவங்களுக்கெல்லாம் வாசிச்சுக் காட்டுவா.”

அதனால்தான் கார்பன் வைத்து எழுதுகிறேன். ஒரு பிரதி அவள் மகளுக்குப் போகிறது. அந்தப் பெண்ணுக்கு இப்போது பதினாறு வயது, தெருவில் எல்லோரையும் கூட்டி வைத்து வாசிப்பாள் என்றுதான் நினைக்கிறேன். நீ கட்டப்போகும் பெண்ணின் தாய்மாமாவும் அதே தெருதான். அவர் காதுக்கும் போகும். கல்யாணம் நின்றுபோனால் அதற்கு நான் காரணம், அப்பா இல்லை. முதலாளி உயிரோடு இல்லை, அவர் மகன் இப்போது பெரிய ஆள், அவன் ஆபீசில் இன்னும் நான் பார்க்கும் வேலை அநேகமாக இந்த மாதத்தோடு முடியும். போலீஸ் வந்தால் வரட்டும்.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் பெற்றவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். நீங்கள் வேலையை விட்டு அனுப்பினீர்களே, அந்த மெக்கானிக், அவனைக் கூப்பிட்டு அன்றைக்கு என்ன நடந்தது என்று அவன் வாயாலேயே கேள். அவனுக்குத் தெரியாத பாஷையில் எழுதின தாளில் அவனிடம் கையெழுத்து வாங்கியிருந்தால், அந்தத் தாளை வாசித்துச் சொன்னவன் யார் என்பதையும் கேள். உன் படிப்புக்காக நான் அப்பாவை விற்றேன் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதே. உன் பெயரைச் சொல்லிக்கொண்டேன், அவ்வளவுதான். பயந்தவள் நான். என் வேலைக்கும் பயந்தேன், என் மகன் மெக்கானிக்காகப் போய்விடுவானோ என்றும் பயந்தேன். நீயும் அவர் மாதிரி எண்ணெய்க் கையோடு சாப்பிட உட்காரக் கூடாது என்பதில் எனக்கு ஒரு வெறி இருந்தது. அந்த வெறியை நீ என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டிருக்கிறாய். உன் நான்கு வரியில் அது அப்படியே தெரிகிறது.

கல்யாணத்துக்கு அவர் வரக்கூடாது என்று நீ எழுதியதை நான் அவரிடம் சொல்லவில்லை. பெட்டியிலிருந்த வெள்ளைச் சட்டையை எடுத்து, காலர் கிழிந்திருக்கிறதா என்று நேற்று பார்த்துக்கொண்டிருந்தார். வர வேண்டாம் என்றால் நீயே அவருக்கு எழுது. தமிழில் எழுது. அவரே படித்துக்கொள்வார்.

அம்மா